நான்கு மூலைக்கும் மஞ்சள்

கண்ணு,

நீ கோபப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் சிரித்துக்கொள், அதனால் இதை முதலில் சொல்கிறேன். உன் கம்பெனி ஜப்பான் சார் உன் கல்யாணத்துக்குக் கொடுத்த படத்தை நான் சாமி படம் என்று நினைத்து வெள்ளிக்கிழமைதோறும் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தேன். என் மேல் என்ன தப்பு சொல். தலை கொள்ளாத கொண்டை, கொண்டையில் சீப்பு, இடுப்பில் அகலமாக மஞ்சள் பட்டை, கையில் ஒரு தட்டு, தட்டின் மேல் கிண்ணம். அங்கத்து அன்னபூரணி இப்படித்தான் இருப்பாள் போல என்று எண்ணிக்கொண்டேன். "எங்க பையனுக்கு வெளிநாட்டு சான்ஸ் வரணும் தாயே, உங்க ஊரா இருந்தாலும் சரி" என்று வேண்டினேன். அவள் அந்தக் காலத்தில் டீக்கடையில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிற பெண் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஆனாலும் கேட்டதைக் கொடுத்துவிட்டாள். நம்ம ஊர் சாமிகள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

சிரித்தாயிற்றா. இனிமேல் வருவது சிரிக்கிற சங்கதி இல்லை. உங்கள் இரண்டு பேரையும் பெங்களூர் ஏர்போர்ட்டில் ஜப்பானுக்கு ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அப்பா, பிள்ளை போன துக்கம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் என்னைக் கேலி பண்ணாமல் இருந்தார். துக்கம் இல்லை, வெட்கம். உள்ளே போகிற வாசலில் நின்று நீ சொன்ன ஒரு வார்த்தை. "அம்மா, அந்தப் படப்பெட்டி ஒங்கிட்டயே இருக்கட்டும். இவகிட்ட குடுத்தா மிச்சத்தையும் வெளுத்துருவா." உன் பெண்டாட்டி பவித்ரா பக்கத்தில்தான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தலையாட்டினேன். எந்தத் தலை ஆடியதோ அந்தத் தலைக்காரிதான் இதை எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன் என்று பிழைகளைப் பொறுத்துக்கொள். போனில் சொன்னால் நடுவில் ஏதாவது நக்கல் பண்ணித் தப்பித்துவிடுவேன். எழுதினால் முடியாது.

முதலிலிருந்து வருகிறேன். கல்யாணத்தன்று சார் கொடுத்தது தட்டையான லேசான மரப்பெட்டி. அதை மஞ்சள் துணியில் சுற்றியிருந்தார்கள். மொய் கவருக்கும் சில்வர் பாத்திரத்துக்கும் நடுவே அது ஒன்றுதான் கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. பிரித்தேன். உள்ளே காகிதம். கல்யாண வீட்டுக்கு வந்த காகிதம், அதில் ஒரு சுமங்கலி மாதிரி பெண். நம் வீட்டில் மங்கள காரியத்துக்கு உண்டான காகிதம் எதையாவது மஞ்சள் வைக்காமல் விட்டிருக்கிறோமா? உன் பத்திரிகைக்கு எந்தக் கிண்ணத்தில் மஞ்சள் குழைத்தேனோ அந்தக் கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நான்கு மூலைக்கும் ஒவ்வொரு விரல் வைத்தேன். மஞ்சள் இல்லாத மூலை என்றால் அது கருமாதிக் காகிதம் என்று அர்த்தம். மகன் கல்யாணத்தில் அப்படி ஒன்றை வீட்டுக்குள் வைக்க எனக்கு மனசு வருமா. அந்தச் சுற்றின துணியின் ஓரத்தையும் கிழித்து, ஒரு ரூபாய் வைத்து முடிந்து, நீ வெளிநாடு போக வேண்டி முனியப்பனுக்கு எடுத்துவைத்தேன். மஞ்சள் துணி என்றால் காணிக்கை முடியத்தானே. இதுவரைக்கும் நான் செய்தது எதற்கும் எனக்கு வெட்கம் இல்லை. தெரியாமல் செய்தது.

நம் குடும்பத்துக்கு இது புதிதும் இல்லை. நீ பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினாய் என்று உன் அப்பா அந்த மார்க் ஷீட்டை மாரண்டஹள்ளிக்கு எடுத்துப் போய் லேமினேஷன் போட்டு வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா. பிறகு எந்த ஆபீஸில் நீட்டினாலும், "ஒரிஜினல்ல பிளாஸ்டிக் ஒட்டுனா சீல் எங்கய்யா வெக்கறது" என்று கேட்டார்கள். அந்தப் பிளாஸ்டிக்கை உரிக்கப் போய் உன் கணக்கு மார்க்கில் பாதி அதோடு போயிற்று. நமக்கு ஒரு பொருள் மேல் ஆசை வந்தால் அந்தப் பொருளுக்குத்தான் கேடு. இந்தப் படத்தையும் நான் அதே கடைக்கு எடுத்துப் போனேன் என்பது உனக்குத் தெரியாது. அன்றைக்குக் கரண்ட் இல்லை. அந்தப் படத்தை நம் ஊரில் இதுவரை யாராவது ஒழுங்காகப் பாதுகாத்தார்கள் என்றால் அது அந்தக் கரண்ட் கட் ஒன்றுதான்.

அப்புறம்தான் சார் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். களியை உருட்டத் தெரியாமல் கையெல்லாம் ஒட்டிக்கொண்டு அவர் பட்ட பாடும், உன் அப்பா அவருக்குப் பாடம் நடத்தியதும் உனக்கே தெரியும். சாப்பிட்ட பிறகு படத்தைப் பார்க்கலாமா என்றார். அவர் செய்ததை எல்லாம் நான் இன்னும் கண்ணில் வைத்திருக்கிறேன், நீயும் மறக்காதே. சோப்புப் போட்டுக் கை கழுவினார். துடைத்தார். கை நன்றாகக் காயட்டும் என்று காத்திருந்தார். மேசையைத் துடைத்து வெள்ளைத் துணி விரிக்கச் சொன்னார். படத்தை ஒரு கையால் தூக்கவில்லை, இரண்டு கையாலும் எதிரெதிர் ஓரத்தில் ஏந்தி, தூங்குகிற பிள்ளையை இடம் மாற்றுகிற மாதிரி வைத்தார். வைத்ததும் மூலைகளைப் பார்த்தார்.

சட்டைப் பையிலிருந்து சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்து முதலில் நம் உரக்கடைக் காலண்டரில் இருந்த லட்சுமியை எனக்குக் காட்டினார். உள்ளே முகமே இல்லை. சிவப்பும் நீலமுமாகக் கடுகு கொட்டினாற்போல் வெறும் புள்ளி. அப்புறம் டீக்கடைக்காரியைக் காட்டினார். ஒரு புள்ளி இல்லை. நிறம் பரவலாகப் படிந்திருந்தது, அதற்குள் மரத்தின் ரேகை ஓடியது. மெஷினில் அடித்த படம் புள்ளி புள்ளியாக இருக்கும், பலகையைச் செதுக்கிச் சாயம் தடவிக் கையால் ஒற்றி எடுத்த படத்தில் பலகையே தெரியும் என்று நீ எனக்கு எடுத்துச் சொன்னாய். பிறகு மெதுவாகத் திருப்பினார். பின்பக்கமும் சாயம் ஊறி, அவளே மங்கலாக மறுபக்கம் திரும்பி நிற்கிற மாதிரி இருந்தது. காகிதத்தை வைத்துத் தேய்த்த தடம் வட்ட வட்டமாகத் தெரிந்தது. சாய்த்துப் பிடித்தார். சாயமே இல்லாத இடத்தில், அவள் கழுத்துப்பட்டையில், வெறும் அழுத்தத்தாலேயே பூ வேலை செய்திருந்தார்கள். காகிதம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டி மாதிரி. கொண்டை முடியில் சில இழை அறுந்திருந்தது. பலகை தேய்ந்த பிறகு எடுத்த படமாக இருக்கும், முதல் ஈடு இல்லை என்றார். பழைய படத்தைப் பார்த்துப் பிற்காலத்தில் புதிதாகப் பலகை செதுக்கி அடிப்பதும் உண்டாம், தன் படம் எது என்று தனக்கே முழு நிச்சயம் இல்லை, தன் அப்பா பழையது என்று சொல்லிக் கொடுத்தார் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு நிம்மதியாக மோர் குடித்தார் பார், அது எனக்குப் பிடித்திருந்தது.

"அப்ப இது யாரு சாமி, என்ன பேரு?" என்று நான் கேட்டேன். நீ கேட்டுச் சொன்னாய். "சாமி இல்லம்மா. டீக்கடை பொண்ணு. அழகா இருந்தா ஊரே வந்து பாக்குமாம்." உன் அப்பா சும்மா இருப்பாரா. "சார்ட்ட சொல்லுடா, ஒங்கம்மா அவளுக்குக் கற்பூரம் காட்டுனான்னு. டீ வரலைன்னும் சொல்லு." நீ அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

அப்போதுதான் அவர் மூலையைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டார். உன் காது இரண்டும் சிவந்தது. நீ இங்கிலீஷில் அவரிடம் பதில் சொன்னாய். எனக்கு இங்கிலீஷ் வராது கண்ணு. ஆனால் 'மதர்' தெரியும், 'எஜுகேஷன்' தெரியும், நடுவில் நீ ஆட்டின தலையும் தெரியும். அவரோ சிரித்தார். அவள் இடுப்புப் பட்டையைக் காட்டினார். அந்த மஞ்சள் நிறமும் மஞ்சள் கிழங்கில் எடுத்ததாக இருக்கலாம் என்றார். சுற்றிக் கொடுத்த துணியும் மஞ்சளில் நனைத்ததுதான், அவர்கள் ஊரில் பழைய பொருளைப் பூச்சி அண்டாமல் இருக்க அப்படித்தான் சுற்றுவார்களாம். "பாத்தியா, நம்ம பழக்கம்தான்" என்று நான் நிமிர்ந்தேன். "துணி வெளிய இருக்கணும்மா, காகிதத்து மேல பூசக் கூடாது" என்று நீ பல்லைக் கடித்தாய். மஞ்சளை எடுக்க முயற்சி செய்ய வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும், பெட்டியில் படுத்த வாக்கில் வையுங்கள், ஈரச் சுவரில் சாய்க்காதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள், எப்போதாவது எடுத்துப் பாருங்கள், வெளிச்சத்தில் மட்டும் வைக்காதீர்கள் என்று அவர் சொல்லச் சொல்ல நீ எனக்குச் சொன்னாய். ஒன்று விடாமல் காதில் விழுந்தது. வெளிச்சம் என்றால் டியூப் லைட் என்று நினைத்துக்கொண்டேன் என்று இப்போது சொன்னால் நீ நம்புவாய். நம்பாதே. எனக்குப் புரிந்தது.

புரிந்தும் செய்தேன். உன் காது சிவந்ததை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நான் வைத்த மஞ்சளை நானே எடுத்துவிட்டால், அடுத்த முறை அவர் வரும்போது நீ தலைநிமிர்ந்து பெட்டியைத் திறப்பாய் என்று இருந்தது. சேலையில் மஞ்சள் பட்டால் என்ன செய்வோம்? சோப்புக்குப் போகாத மஞ்சள் வெயிலுக்குப் போகும். இதற்கு எஜுகேஷன் வேண்டாம். நீங்கள் இரண்டு பேரும் ஓசூரில் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்ட இடத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்து அவளைப் படுக்க வைத்தேன். காக்காய் வருமென்று குடை பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். குடை எனக்கு, வெயில் அவளுக்கு. சாயங்காலம் மூலை பாதி வெளுத்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு நாள் போதவில்லை என்று மறுநாளும் வைத்தேன், அதற்கு மறுநாளும்.

மஞ்சள் போயிற்று. சுத்தமாகப் போயிற்று. நான் மூலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன் கண்ணு, நடுவில் இருந்தவளைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால் அவள் உடுத்தியிருந்த அந்த ஊதா, அவரைப் பூ மாதிரி இருந்ததே, அது சாம்பலாகிக் கிடந்தது. இடுப்பில் இருந்த மஞ்சள் பட்டை கஞ்சித் தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது. வெயிலுக்கு எது நான் வைத்த மஞ்சள், எது அவர்கள் வைத்த மஞ்சள் என்று தெரியுமா. இரண்டும் ஒரே கிழங்கு. சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. பெட்டியில் வைத்து மூடினேன். மூடினால் சரியாகிவிடும் என்கிற மாதிரி.

அந்த வாரம் பவித்ரா தன் அண்ணன் குடும்பம் வருகிறது என்று அதை எடுத்து உங்கள் அறையில் ஜன்னலுக்கு எதிரே அலமாரியில் நிறுத்திவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை நீ பார்த்துவிட்டாய். அன்றைக்கு நீ போட்ட சத்தம் பக்கத்துக் காட்டுக்குக் கேட்டிருக்கும். "ஜன்னலுக்கு நேரா வெக்காதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? மூலைல அம்மா வெச்ச மஞ்சளே பறந்திருக்குன்னா எவ்வளவு வெயில் பட்டிருக்கும்?" அவள், "ரெண்டு நாள்தாங்க வெச்சேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் கூடத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன். நான்தான் என்று சொல்லத்தான் திறந்தேன், அது சத்தியம். வந்தது வேறு. "அரூர் வெயில்ல வளந்த பொண்ணு, வெயில் இல்லாம இருக்க முடியலையாட்டம் இருக்குது." உன் அப்பா சிரித்தார். நீகூடக் கோபத்துக்கு நடுவில் சிரித்தாய். அவள் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் எத்தனையோ பேரை நக்கல் பண்ணியிருக்கிறேன். மண்டியில் தரகரைப் பண்ணியிருக்கிறேன், பஸ்ஸில் கண்டக்டரைப் பண்ணியிருக்கிறேன், உன் அப்பாவைப் பண்ணாத நாள் இல்லை. எல்லாம் வாய் அரிப்புக்குச் சொன்னது. இந்த ஒன்று மட்டும் ஒளிந்துகொள்ளச் சொன்னது.

இன்னும் கேள். ஒரு வாரம் கழித்துச் சமையல்கட்டில் அவள் தாளித்துக்கொண்டே சொன்னாள். "அத்தை, படப் பெட்டிக்குள்ள மொளகா வெதை ரெண்டு கெடந்துச்சு. எடுத்துப் போட்டுட்டேன்."

"காத்துல பறந்து வந்திருக்கும் பாப்பா" என்றேன். மொட்டை மாடியிலிருந்து, மூடின பெட்டிக்குள்.

"ஆமாங்கத்தை. இங்க காத்து ஜாஸ்தி" என்றாள். கருவேப்பிலையைப் போட்டாள்.

அவளுக்குத் தெரியும். தெரிந்து, உன்னிடம் சொல்லவில்லை. நீ அவளிடம் சரியாகப் பேசாமல் இருந்த நாள் எல்லாம், இராத்திரிச் சோற்றைத் தனியாகப் போட்டுச் சாப்பிட்ட நாள் எல்லாம், இந்தப் பெண் இரண்டு மிளகாய் விதையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் உன் கண்ணில் என்ன ஆவேன் என்று யோசித்திருக்கிறாள். நான் அவள் என்ன ஆவாள் என்று யோசிக்கவில்லை. ஏர்போர்ட்டில் நீ அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு டிராலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாய் அல்லவா, அப்போது என் காலைத் தொட்டுவிட்டு எழுந்தவள் என் காதோரம் என்ன சொன்னாள் தெரியுமா? "பொட்டிய மொளகாக்கிட்ட வெச்சிராதீங்கத்தை." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நக்கலில் எனக்கு ஒருத்தி வந்து வாய்த்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் நக்கல் என்னைக் காப்பாற்றத்தான் செய்தது, என்னுடையது அவளை மாட்டிவிட்டது.

ஆகவே இதைக் கேட்டுக்கொள். சாரைப் பார்க்கப் போவதாகச் சொன்னாய். அவர் படம் எப்படி இருக்கிறது என்று கேட்பார். என் பெண்டாட்டி வெயிலில் வைத்துவிட்டாள் என்று சொல்லப்போகிறாய், எனக்குத் தெரியும், ஏனென்றால் என்னைப் பற்றியும் அவரிடம் அப்படித்தான் சொன்னாய். சொல்லாதே. என் அம்மா மஞ்சளும் வைத்தாள், அதை எடுக்கிறேன் என்று வெயிலிலும் வைத்தாள், நீங்கள் சொன்னது காதில் விழுந்தும் வைத்தாள் என்று சொல். இங்கிலீஷில் எது வருமோ அதில் சொல். போன நிறம் திரும்புமா என்று ஒரு வார்த்தை கேள். திரும்பாது என்றுதான் சொல்வார். பரவாயில்லை, கேள். அதற்கு முன்னால் பவித்ராவிடம் நீ பேச வேண்டியதைப் பேசு. எப்படிப் பேசுவது என்று நான் சொல்லித்தர மாட்டேன், அந்த விஷயத்தில் எனக்கே இப்போதுதான் பழக்கம். ஒன்று மட்டும். வெளுத்த மூலையைப் பார்த்து ஜன்னல்தான் என்று முடிவு கட்டினாயே, இன்னொரு தரம் இப்படி ஏதாவது கண்ணில் பட்டால், கணக்குப் போடுவதற்கு முன்னால் வீட்டில் இருக்கிற எல்லோரையும் கேள். காய் உரித்துக்கொண்டிருக்கிறவளையும் சேர்த்துக் கேள்.

படம் பத்திரமாக இருக்கிறது. பீரோவின் நடுத்தட்டில், படுத்த வாக்கில், மிச்சமிருக்கிற மஞ்சள் துணி பெட்டிக்கு வெளியே சுற்றி. ஓரம் கிழிந்த இடத்தைத் தைக்கவில்லை, இனி நான் எதையும் சரி பண்ணுவதாக இல்லை. அந்துருண்டை போடவில்லை, கற்பூரமும் காட்டவில்லை. அமாவாசைக்கு அமாவாசை கை கழுவி, காயவைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டுத் திறந்து பார்க்கிறேன். முகம் அப்படியே இருக்கிறது. தட்டும் கிண்ணமும் அப்படியே. உடுப்புத்தான் வெளுத்திருக்கிறது. எத்தனை தலைமுறை பலபேர் கையில் தங்கி வந்தவள், நம் மாடியில் மூன்று நாள் தங்கி இப்படி ஆனாள். நீங்கள் திரும்பி வந்ததும் பெட்டியைப் பவித்ரா கையில்தான் கொடுப்பேன். உன் கையில் இல்லை.

இந்தக் காகிதத்தை உன் அப்பா போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். ஆனால் உனக்குச் சொல்லும் முன்னால் அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று நேற்று மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் பேசிப் பதிவு பண்ணினேன். படத்தை வெயிலில் வைத்தது நான்தான், உன்மேல் பழி விழும்போது கேலி பேசினேன், மன்னித்துக்கொள் பாப்பா என்று எல்லாம் சொன்னேன். நடுவில் அழுதும்விட்டேன். அனுப்பினேன். அது பாலக்கோடு தக்காளி மண்டி குரூப்புக்குப் போயிருந்தது. எப்படி அழிப்பது என்று உன் அப்பாவைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. அதற்குள் பலர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் "பரவால்ல விடுங்கக்கா" என்று போட்டிருந்தார். நாலைந்து பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். அரூரிலிருந்து உன் மாமனார், "சரிங்க சம்பந்தி" என்று போட்டிருந்தார். அவரும் அந்தக் குரூப்பில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. அதையே பவித்ராவுக்கும் அனுப்பிவிட்டேன். மண்டி குரூப்பில் கடைசியாக ஒருவர் இன்றைக்குப் பெட்டி என்ன ரேட்டு என்று கேட்டிருந்தார். விசாரித்துச் சொன்னேன்.